பனம்பழத்து ஈயா, இணையத்து மரபணுத்தொகையா? நோய் எதிர்ப்பு மரபணு ஆய்வுக்கு எந்த வழி

இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரிகளில் முதுகலை விலங்கியல் படிக்கும் மாணவர்கள், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆய்வேட்டுக்கான தலைப்பை முடிவு செய்ய வேண்டும். மண்டபமும் பாம்பனும் கண்முன் இருப்பதால் பெரும்பாலோர் மீன், பாசி, பவளப்பாறை என்று கடலையே நாடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிருவராவது, நெருங்கிய உறவுடைய பழ ஈச் சிற்றினங்களில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் எவ்வாறு மாறிவந்திருக்கின்றன என்ற கேள்வியோடு வருகிறார்கள். அந்தக் கேள்வியை அணுக மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் வேண்டிய கருவிகள் வேறு, காலம் வேறு. அவை தரும் விடைகளும் வேறு. நம் ஊரில், நம் ஆய்வகத்தில், ஓர் ஆண்டுக்குள் எந்த வழி உருப்படியான முடிவைத் தரும் என்பதை எடைபோடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபணுத்தொகை (ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதும்) எல்லாவற்றையும் அலசும் பெரிய கணக்கீட்டை விட, ஒரேயொரு சிறிய மரபணுக் குடும்பத்தை எடுத்து, அது எந்தச் சிற்றினத்தில் இருக்கிறது, எதில் மறைந்திருக்கிறது, நம் பனங்காட்டு ஈக்களில் அது எந்த வடிவில் இருக்கிறது என்று தேடுவதே நமக்கு ஏற்றது. ஏன் என்பதை விளக்க, முன்னர் நடந்த வேலைகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பூச்சிகளுக்கு நம்மைப் போல் எதிர்ப்பொருள் உருவாக்கும் ஏற்பாடு கிடையாது; அவற்றின் நோய் எதிர்ப்பில் மூன்று வகைப் புரதங்கள் உண்டு. உடலுக்குள் நுழைந்த பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அடையாளம் காணும் புரதங்கள் ஒரு வகை. அந்தச் செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் டோல், இம்ட் ஆகிய சமிக்ஞைப் பாதைகளின் புரதங்கள் இரண்டாம் வகை. செய்தி வந்து சேர்ந்ததும் கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தத்தில் கலந்து நுண்ணுயிரைக் கொல்லும் டிப்டெரிசின், அட்டாசின், செக்ரோபின், டிரோசோமைசின் போன்ற சிறு பெப்டைடுகள் (குட்டிப் புரதங்கள்) மூன்றாம் வகை. டோல் பாதை பூஞ்சைத் தொற்றை எதிர்க்கத் தேவை என்பதை 1996-இல் புரூனோ லெமேத்ரும் ஜூல் ஹோஃப்மனும் அவர்களுடைய குழுவினரும் காட்டினார்கள். ஹோஃப்மனுக்கு 2011-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்த மூன்று வகைகளும் ஒரே வேகத்தில் பரிணமிப்பதில்லை என்பதே நம் ஆய்வுக்கு அடிப்படையான செய்தி.

அது தெளிவானது 2007-இல். அவ்வாண்டு டிரோசோஃபிலா என்னும் பழ ஈப் பேரினத்தின் 12 சிற்றினங்களுடைய மரபணுத்தொகைகள் ஒரே நேரத்தில் ஒப்பிட்டு வெளியிடப்பட்டன. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மெலனோகாஸ்டர், அதன் நெருங்கிய உறவுகளான சிமுலன்ஸ், செக்கெலியா, சற்றுத் தள்ளியிருக்கும் யகூபா, எரெக்டா, இன்னும் தள்ளி நம் நாட்டில் மலிந்து கிடக்கும் அனனாசே, அதற்கப்பால் ஹவாய்த் தீவுகளின் கிரிம்ஷாவி வரை அந்தப் பட்டியல் நீளும். அதே ஆண்டு திமோத்தி சாக்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த 12 சிற்றினங்களின் நோய் எதிர்ப்பு மரபணுக்களைத் தனியே பிரித்து ஆராய்ந்தார்கள். அடையாளம் காணும் புரதங்களில் இயற்கைத் தேர்வு அமினோ அமிலங்களை அடிக்கடி மாற்றியிருக்கிறது. சமிக்ஞைப் பாதையின் மரபணுக்களோ எண்ணிக்கையில் ஏறக்குறைய மாறாமல், சிற்றினத்துக்குச் சிற்றினம் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. கொல்லும் பெப்டைடுகளில் எழுத்து மாற்றத்துக்கான நேர்மறைத் தேர்வின், அதாவது மாற்றத்தை விரும்பி ஏற்கும் இயற்கைத் தேர்வின், சான்று குறைவு; ஆனால் மரபணுவே இரட்டிப்பதும் மறைவதும் அங்குதான் மிகுதி. டிரோசோமைசின் குடும்பம் மெலனோகாஸ்டர் குழுவுக்கு வெளியே உள்ள சிற்றினங்களில் காணப்படவே இல்லை.

எனவே ஒரு மாணவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த வகை மாற்றத்தைத் தேடுகிறோம் என்பதாகும். எழுத்து மாற்றத்தைத் தேடினால் அடையாளப் புரதங்களை எடுக்க வேண்டும். வரவு மறைவைத் தேடினால் பெப்டைடுகளை எடுக்க வேண்டும். இந்தத் தெளிவு இல்லாமல் “நோய் எதிர்ப்பு மரபணுக்களின் பரிணாமம்” என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால், ஆண்டு முடிவில் நூறு பக்க அட்டவணை மிஞ்சும்; அதிலிருந்து ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடிய முடிவு கிடைக்காது.

முதல் வழி: சிற்றினங்களுக்கு இடையே கோடான் ஒப்பீடு

இணையத்தில் உள்ள மரபணுத்தொகைகளிலிருந்து ஒரே மரபணுவின் வடிவங்களை எடுத்து, கோடான் கோடானாக (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) வரிசைப்படுத்தி, அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்களின் வீதத்தை, மாற்றாத மௌன மாற்றங்களின் வீதத்தால் வகுப்பது இந்த முறை. அந்த விகிதம் ஒன்றைத் தாண்டும் கோடான்களில், மாற்றத்தை இயற்கைத் தேர்வு விரும்பி ஏற்றிருக்கிறது என்று கொள்ளலாம். இதற்கான பேம்ல் என்னும் மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியில் ஓடும். ஈ வளர்க்க வேண்டாம், வேதிப்பொருள் வாங்க வேண்டாம். மின்தடையால் கெட்டுப்போக எதுவும் இல்லை. செலவு என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச வழியில்லை.

இதன் சிக்கல்கள் வேறிடத்தில் இருக்கின்றன. கிரிம்ஷாவி போன்ற தொலைவான சிற்றினங்களைச் சேர்க்கும்போது, மௌன இடங்களில் மாற்றத்தின் மேல் மாற்றம் விழுந்து எண்ணிக்கை நிறைவடைந்துவிடுகிறது. அதன் பிறகு விகிதத்தை நம்ப முடியாது. ஆகவே 12 சிற்றினங்கள் கையில் இருந்தாலும், நேர்மறைத் தேர்வைச் சோதிக்க மெலனோகாஸ்டர் குழுவின் ஆறு சிற்றினங்களோடு நிற்பதே முறை. அதைவிடப் பெரிய சிக்கல், வரிசைப்படுத்தும் கட்டத்தில் நேரும் பிழை. 2011-இல் பென்கா மார்க்கோவா-ரெய்னாவும் திமித்ரி பெத்ரோவும் இதே 12 மரபணுத்தொகைகளை வெவ்வேறு வரிசைப்படுத்தும் மென்பொருள்களால் அலசி, நேர்மறைத் தேர்வு என்று வந்த முடிவுகள் எந்த மென்பொருள் பயன்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறுவதைக் காட்டினார்கள். பிராங்க் என்னும் மென்பொருள் மற்றவற்றைவிடக் குறைவான பொய்ச் சான்றுகளைத் தந்தது.

இதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அதன் தீவிரம் புரியும். ஆறு சிற்றினங்களின் வரிசைகள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஐந்தில் ஒரே மாதிரியான அமினோ அமிலங்கள். ஆறாவதில் மட்டும் அடுத்தடுத்து ஏழெட்டு இடங்களில் முற்றிலும் வேறு எழுத்துகள், அதன் பின் மீண்டும் ஒற்றுமை. மென்பொருள் அந்த ஏழெட்டு இடங்களையும் நேர்மறைத் தேர்வு என்று உடுக்குறியிட்டுக் காட்டும். உண்மையில் அந்த ஆறாவது சிற்றினத்தில் எக்ஸானின் (புரதக் குறியீடு உள்ள பகுதியின்) விளிம்பு தவறாகக் கணிக்கப்பட்டு, இன்ட்ரானின் (குறியீடு இல்லாத இடைப்பகுதியின்) சில எழுத்துகள் புரதமாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும். பரிணாமம் அங்கு எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு மரபணுவையும் இப்படிக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். இருநூறு மரபணுக்களை ஒரு மாணவர் தனியாக அப்படித் திருத்துவது இயலாத காரியம், இருபதைத் திருத்தலாம்.

கொல்லும் பெப்டைடுகளுக்கு இந்த முறை சற்றும் பொருந்தாது. டிப்டெரிசின்-ஏ மரபணு முழுவதுமே 106 அமினோ அமிலங்களுக்குத்தான் குறியீடு தருகிறது. வைரசை எதிர்க்கும் டைசர்-2 புரதமோ 1,700-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கொண்டது. சிறிய மரபணுவில் எண்ணுவதற்கே மாற்றங்கள் போதாது. தேர்வு நடந்திருந்தாலும் புள்ளியியல் அதைக் காட்டாது. மேலும் அட்டாசின், செக்ரோபின் போன்றவை பக்கத்துப் பக்கத்தில் நகல்களாக அமர்ந்து ஒன்றன் எழுத்துகளை மற்றொன்றுக்குக் கடத்துகின்றன. இந்த மரபணு மாற்றிடல் அட்டாசினில் நடந்திருப்பதை 2001-இலேயே லசாரோவும் கிளார்க்கும் காட்டிவிட்டார்கள். அத்தகைய இடங்களில் கோடான் ஒப்பீட்டுக்கு அடிப்படையான மரபுக்கிளைப் படமே குழம்பிவிடுகிறது.

இரண்டாம் வழி: சிற்றினத்துக்குள்ளும் வெளியேயும் எண்ணிப் பார்ப்பது

1991-இல் ஜான் மெக்டொனால்டும் மார்ட்டின் கிரைட்மனும் முன்வைத்த சோதனை இது. ஒரே சிற்றினத்தின் பல தனிஉயிர்களில் காணப்படும் வேறுபாடுகளையும், அச்சிற்றினத்துக்கும் அண்டைச் சிற்றினத்துக்கும் இடையே நிலைபெற்றுவிட்ட வேறுபாடுகளையும் சேர்த்து எண்ணுவது. புரிதலுக்காக ஒரு கற்பனை மரபணுவை எடுத்துக்கொள்வோம். சிற்றினங்களுக்கு இடையே அமினோ அமிலத்தை மாற்றும் வேறுபாடுகள் 20, மௌன வேறுபாடுகள் 20. சிற்றினத்துக்குள் அமினோ அமிலத்தை மாற்றுபவை 5, மௌனமானவை 20. தேர்வின் தலையீடு இல்லையென்றால் இரண்டு விகிதங்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சிற்றினத்துக்குள் நான்கில் ஒரு பங்காக உள்ள விகிதத்தை அளவுகோலாகக் கொண்டால், சிற்றினங்களுக்கு இடையே 20 மௌன வேறுபாடுகளுக்கு 5 அமினோ அமில வேறுபாடுகள்தான் எதிர்பார்க்கத் தக்கவை. இருப்பவை 20. ஆக எஞ்சிய 15, அதாவது நூற்றுக்கு 75, தகவமைப்பினால் நிலைபெற்றவை என்று மதிப்பிடலாம். ஒரு தாளில் செய்து பார்க்கக்கூடிய இந்தக் கணக்கின் எளிமை எனக்கு எப்போதும் பிடித்தமானது.

இந்த வழியில் கிடைத்த முடிவுகளும் ஆழமானவை. 2000-இல் பெகனும் விட்லியும் இம்ட் பாதையின் இறுதியில் நிற்கும் ரெலிஷ் என்னும் புரதம் சிமுலன்ஸ் கிளையில் தகவமைப்பால் வேகமாக மாறியிருப்பதைக் கண்டார்கள். 2003-இல் ஷ்லெங்கும் பெகனும் சிமுலன்சின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றில் அதே போக்கைக் காட்டினார்கள். 2006-இல் டேரன் ஒபர்டு குழுவினர் வைரசை எதிர்க்கும் ஆர்.என்.ஏ. இடையீட்டுப் பாதையின் மூன்று மரபணுக்களான டைசர்-2, ஆர்2டி2, ஆர்கோனாட்-2 ஆகியவை, மரபணுத்தொகையிலேயே மிக வேகமாக மாறும் நூற்றுக்கு மூன்று விழுக்காட்டில் அடங்குகின்றன என்று நிறுவினார்கள். சமிக்ஞைப் பாதை எண்ணிக்கையில் அசையாதது என்பதால் எழுத்திலும் அசையாதது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு ரெலிஷ் நல்ல சான்று.

ஆனால் இதற்குப் பல தனிஉயிர்களின் வரிசைகள் வேண்டும். இணையத்தில் முழுமையாகக் கிடைக்கும் பெரிய தொகுப்புகளில் ஒன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் பிடித்த ஈக்களின் ஏறத்தாழ 200 வழிமரபுகள். மற்றொன்று ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் பிடித்தவை. மெலனோகாஸ்டர் ஆப்பிரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய சிற்றினம் என்பதால் ஜாம்பியத் தொகுப்பு இந்தக் கணக்குக்கு மிகவும் பொருத்தமானது. வட கரோலினாத் தொகுப்பில், அண்மைக் காலத்தில் மக்கள்தொகை சுருங்கிப் பெருகியதன் சுவடுகள் கணக்கைத் திரிக்கக்கூடும். கணினி மொழியில் ஓரளவு பழக்கமும், எண்களில் பொறுமையும் உள்ள மாணவருக்கு இது மிகச் சிறந்த வழி. முதல் வழியைவிட நம்பகமானது என்றே சொல்வேன். டைசர்-2-ஐ எடுப்பது நல்லது. ஆர்கோனாட்-2-இன் முன்பகுதியில் குளூட்டமைன் நிறைந்த தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதால் அதை வரிசைப்படுத்துவது பெரும் தலைவலி. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் கணக்கிட வேண்டியிருக்கும்.

மூன்றாம் வழி: இருக்கிறதா, மறைந்ததா, ஏன்

இங்கேதான் சற்று நின்று பேச விரும்புகிறேன். டிப்டெரிசின் கதையைப் போல ஒரு மரபணுவின் மாற்றத்தையும் அதைச் சுமக்கும் ஈயின் வாழ்வையும் இவ்வளவு நெருக்கமாக இணைத்துக் காட்டும் எடுத்துக்காட்டு நோய் எதிர்ப்புத் துறையில் அரிது.

மெலனோகாஸ்டரில் டிப்டெரிசின்-ஏ, டிப்டெரிசின்-பி என்று இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2016-இல் அன்க்லெஸ், ஹோவிக், லசாரோ ஆகிய மூவரும், டிப்டெரிசின்-ஏ புரதத்தின் 69-ஆம் இடத்தில் செரின் இருக்கும் ஈக்கள் புரோவிடென்சியா ரெட்கெரி என்னும் பாக்டீரியாவைத் தாங்கிப் பிழைப்பதையும், அதே இடத்தில் அர்ஜினின் இருக்கும் ஈக்கள் பெருமளவில் மடிவதையும் காட்டினார்கள். ஒரேயொரு அமினோ அமிலம். வியப்பு என்னவென்றால், 20 முதல் 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன சிமுலன்சிலும் அதே இடத்தில் அதே மாற்றம் தனியாகத் தோன்றி, இரு வடிவங்களும் இயற்கையில் நிலவுகின்றன. வலிமை குறைந்த வடிவம் அழியாமல் நிற்பது, சில பருவங்களிலோ சில சூழல்களிலோ அதற்கும் ஓர் ஆதாயம் இருப்பதைக் குறிக்கிறது. சமநிலைத் தேர்வு என்று பாடத்தில் படிப்பதை நேரில் காட்டும் இடம் இது. சிற்றினங்களுக்கு இடையே மட்டும் ஒப்பிடும் முதல் வழி இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

2023-இல் மார்க் ஹேன்சன், லெமேத்ர் குழுவினர் மறுபாதியை வெளியிட்டார்கள். டிப்டெரிசின்-பி இல்லாத ஈக்கள் அசிட்டோபாக்டர் என்னும் புளிக்கவைக்கும் பாக்டீரியாவால் மடிகின்றன. புரோவிடென்சியாவை எதிர்க்க டிப்டெரிசின்-ஏ, அசிட்டோபாக்டரை எதிர்க்க டிப்டெரிசின்-பி என்று பணி பிரிந்திருக்கிறது. அழுகும் பழத்தில் அசிட்டோபாக்டர் நிறைந்திருக்கும். பழத்தை விட்டுக் காளானுக்கு இடம்பெயர்ந்த ஈ வழிமரபுகளில் டிப்டெரிசின்-பி கெட்டுப்போயிருக்கிறது அல்லது மறைந்திருக்கிறது. மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைக்கும் பெரிய பழ ஈக்களின் குடும்பமான டெஃப்ரிடிடேயிலோ, டிப்டெரிசின்-பி போன்ற ஒரு வடிவம் தனிப்பட்ட முறையில் உருவாகியிருக்கிறது. எந்த நுண்ணுயிரோடு வாழ நேர்கிறதோ அதற்கேற்ற பெப்டைடு நிலைக்கிறது. அந்த நுண்ணுயிர் விலகினால் பெப்டைடும் கைவிடப்படுகிறது. நோய் எதிர்ப்பு மரபணுக்களின் வரவு மறைவுக்கு இதைவிடத் தெளிவான காரண விளக்கத்தை நான் படித்ததில்லை.

இந்த வழியில் கணினிப் பகுதிக்கு இப்போது வசதி மிகுந்துள்ளது. 2021-இல் டிரோசோஃபிலிட் என்னும் சிறு பழ ஈக் குடும்பத்தின் 101 மரபணுத்தொகைகள் நீளமான, அறுபடாத துண்டுகளாக வெளியிடப்பட்டன. முன்பெல்லாம் ஒரு மரபணு காணவில்லை என்றால், அது உண்மையாகவே மறைந்ததா, மரபணுத்தொகையில் அந்த இடம் ஓட்டையாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இப்போது மரபணுவின் இருபுறத்து அண்டை மரபணுக்களைத் தேடி, அவை இரண்டும் ஒரே துண்டில் அடுத்தடுத்து நிற்கின்றனவா என்று பார்க்கலாம். இரண்டும் நிற்க, இடையில் டிப்டெரிசின் மட்டும் இல்லையென்றால், அது மறைந்தது என்று துணிந்து எழுதலாம். சிதைந்த எச்சமாவது கிடந்தால் இன்னும் நல்லது. எந்த இடத்தில் புரதத்தைப் பாதியில் முடிக்கும் நிறுத்தக் குறி விழுந்தது என்று காட்டிவிடலாம். இதற்கு ஒரு மாதம் போதும்.

மீதி மாதங்களுக்குத்தான் நம் கடற்கரை உதவுகிறது. ஆடி பிறந்தால் உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துப் பனங்காடுகளில் பழம் விழத் தொடங்கும். விழுந்து வெடித்த பனம்பழத்தின் நாரில் ஈரமும் இனிப்பும் ஈஸ்ட்டும் சேர்ந்து, அதன் மேல் புளிப்பு ஏறும். சுண்ணாம்பு இடாத பதநீர் ஒரு பகலில் புளித்துப்போவதற்குக் காரணமான அசிட்டிக் பாக்டீரியா வகைகள் இத்தகைய இனிப்பான பொருள்களில் செழிப்பவை. அந்தப் பழத்தில் மொய்க்கும் சிற்றீக்களுக்கு அசிட்டோபாக்டர் அன்றாடச் சூழல். டிப்டெரிசின்-பி-யின் தேவையை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்? பனங்காட்டில் பழம் பொறுக்கும் ஒரு பாட்டி எங்கள் மாணவிகளிடம், “புதுசா விழுந்ததப் பாக்காதீங்கம்மா, ரெண்டு நாளான பழத்துலதான் கொசு மாதிரி மொய்க்கும்” என்று காட்டிக் கொடுத்தார். அவர் சொன்னதுதான் சரியான மாதிரி சேகரிப்பு முறை. ஈஸ்ட் முற்றிய பழத்தைத்தான் பெண் ஈக்கள் முட்டையிட நாடுகின்றன.

அங்கே கிடைக்கும் ஈக்களில் அனனாசே தலையாயது. 1858-இல் தோலேஷால் என்பவர் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து விவரித்த இச்சிற்றினம், வெப்ப நாடுகளில் மனிதக் குடியிருப்புகளை ஒட்டி வாழ்வது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பி.என். சிங் இதன் மரபியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். மெலனோகாஸ்டரிலிருந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்தது. இதன் மரபணுத்தொகை 2007-ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இருப்பதால் டி.என்.ஏ. துண்டைப் பன்மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறைக்கான தொடக்கிகளை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை) அதிலிருந்தே வடிவமைக்கலாம். மெலனோகாஸ்டருக்காக எழுதிய தொடக்கிகளைக் கடன்வாங்கி இங்கே பயன்படுத்தினால் வேலை செய்யாமல் போகக்கூடும். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவையும் சேர்த்துப் பெருக்க நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவின் மரபணுத்தொகை ஏறக்குறைய முழுவதுமாக அனனாசேயின் சொந்த மரபணுத்தொகைக்குள் செருகப்பட்டிருப்பது 2007-இல் கண்டறியப்பட்டது. எனவே வோல்பாக்கியாவின் டி.என்.ஏ. கிடைத்தால் உயிருள்ள பாக்டீரியா இருந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது.

சிற்றினத்தை அடையாளம் காண்பதில் அவசரம் கூடாது. ஆண் ஈயை மயக்கி, நுண்ணோக்கியின் கீழே மல்லாத்தி, முன்காலின் பாதத்தைப் பாருங்கள். மெலனோகாஸ்டரில் முதல் கணுவின் நுனியில் கருமையான பற்கள் கொண்ட ஒரேயொரு சீப்பு, வயிற்றின் கடைசிப் பகுதி கருப்பு. அனனாசேயில் சீப்பு குறுக்குவாட்டில் பல சிறு வரிசைகளாகப் பிரிந்திருக்கும்; வயிற்று நுனி வெளிறியிருக்கும். அதன் உறவான பைபெக்டினேட்டாவிலும் மலர்கோட்லியானாவிலும் சீப்புகளின் அமைப்பு வேறு. மலர்கோட்லியானா ஆணின் வயிற்று நுனி கருத்திருக்கும். பெண் ஈக்களை இப்படிப் பிரிப்பது கடினம். ஒவ்வொரு பெண்ணையும் தனிக் குப்பியில் விட்டு, பிறக்கும் ஆண் குஞ்சுகளைப் பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பான வழி.

வளர்ப்புக்கு ரவை, வெல்லம், ஈஸ்ட், அகர், பூஞ்சையைத் தடுக்கச் சிறிதளவு புரோப்பியோனிக் அமிலம் போதும். இந்த அகர், நம் கடற்கரைப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கப்படுவது என்பதை மாணவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. மெலனோகாஸ்டர் 25 டிகிரியில் வளர வேண்டியது. 30 டிகிரியை ஒட்டி ஆண்கள் மலடாகிவிடுவதால், குளிர்வளர்ப்பான் இல்லாத ஆய்வகத்தில் நம் கோடையில் அதைக் காப்பாற்ற முடியாது. வெப்ப நாட்டு அனனாசே இதை ஓரளவு தாங்கும். ஆனாலும் உயிரோடு வைத்துக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமே நமக்கு இல்லை. அடையாளம் கண்டதும் 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுவிட்டால், ஆய்வேட்டுப் பருவம் தொடங்கும் வரை காத்திருக்கும்.

ஓர் ஈயை நுண்குழாயில் சிறிதளவு தாங்கல் கரைசலும் புரோட்டினேஸ்-கே நொதியும் சேர்த்துப் பிப்பெட் நுனியாலேயே நசுக்கி, 37 டிகிரியில் அரை மணி நேரமும் பிறகு 95 டிகிரியில் சில நிமிடங்களும் வைத்தால் பிசிஆருக்குப் போதுமான டி.என்.ஏ. தயார். டிப்டெரிசினின் குறியீட்டுப் பகுதி முன்னூறு எழுத்துகளுக்குச் சற்றே கூடுதல் என்பதால், டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கும் சாங்கர் முறையின் ஒரே வாசிப்பில் முழுவதும் அடங்கிவிடும். வரைபடத்தில் 69-ஆம் இடத்துக்கு இணையான கோடானில் இரண்டு நிறங்களின் உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தால், அந்த ஈ இரு வடிவங்களையும் சுமக்கிறது என்று பொருள். முதல் வழியில் குறையாக இருந்த அதே சிறுமை இங்கே நிறையாக மாறுகிறது.

தொற்றுச் சோதனையைப் பற்றி ஒரு சொல். நுண்ணூசியைப் பாக்டீரியாவில் தோய்த்து ஈயைக் குத்தி, எத்தனை மடிகின்றன என்று எண்ணும் ஆசை எல்லோருக்கும் வரும். புரோவிடென்சியா ரெட்கெரி மனிதருக்கும் சிறுநீர்ப்பாதைத் தொற்று உண்டாக்கக்கூடியது. உரிய பாதுகாப்பு அறை இல்லாத கல்லூரியில் அதைக் கையாளவே கூடாது. அதுபோலவே, ஒட்டுண்ணிக் குளவிகளை எதிர்க்கும் இரத்த உயிரணுக்களின் பரிணாமமும் கவர்ச்சியான தலைப்புதான். நம் ஊர் நுணாவின் உறவான நோனி மரத்தின் பழத்தையே நம்பி வாழும் செக்கெலியா, குளவி முட்டையைச் சுற்றி உறையிட்டுக் கொல்லும் திறனை இழந்துவிட்டது. மற்றொரு டிரோசோஃபிலா சிற்றினமான சூடோஒப்ஸ்கூராவில் அதற்கான உயிரணு வகையே இல்லை. ஆனால் குளவியையும் ஈயையும் சேர்த்து வளர்க்கப் பழகுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். இதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது என் பரிந்துரையை ஏற்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் பிசிஆர் கருவியே இல்லை, அருகிலும் அனுமதி கிடைக்காது என்றால் இரண்டாம் வழிதான் சரி: ஜாம்பியத் தொகுப்பு, சிமுலன்ஸ் அண்டைச் சிற்றினம், டைசர்-2 உட்பட ஐந்தாறு மரபணுக்கள், ஒப்பிட்டுப் பார்க்க நோய் எதிர்ப்போடு தொடர்பில்லாத, அதே நீளமுள்ள ஐந்தாறு மரபணுக்கள். இந்த ஒப்பீட்டு மரபணுக்களை விட்டுவிட்டால் எந்த முடிவுக்கும் பொருள் இராது. ஆகவே அதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் தகும். முதல் வழியை, ஏற்கெனவே கணினி உயிரியல் பயின்றவருக்கு மட்டும், அதுவும் அடையாளப் புரதங்களில் இருபதுக்கு மிகாமல் எடுத்துக்கொண்டால் மட்டும் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் வழியைத் தேர்ந்தவர்களுக்குக் காலக்கணக்கு முக்கியம். ஆய்வேட்டுப் பருவம் பெரும்பாலும் மார்கழியை ஒட்டித் தொடங்குகிறது; பனம்பழமோ புரட்டாசிக்குள் தீர்ந்துவிடும். எனவே தலைப்பு முறையாக ஏற்கப்படும் முன்பே, ஆடி ஆவணியில் ஈக்களைப் பிடித்து எத்தனாலில் இட்டுவிட வேண்டும். குறைந்தது மூன்று இடங்களில், ஊருக்குள் வாழைத்தார் தொங்கும் கடையோரத்தில் ஒன்று, பனங்காட்டில் இரண்டு என்று பிடித்தால், பழ வகைக்கேற்ப வடிவங்களின் விகிதம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் பாதுகாக்கப்பட்டவை. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே ஓர் ஈயையும் பிடிக்கக் கூடாது. ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத வாரங்களில் 101 மரபணுத்தொகைகளில் டிப்டெரிசின் தேடலை முடித்து வைக்கலாம். பிடித்த எல்லா ஈக்களிலும் ஒரே வடிவம்தான் என்று வந்தால் மனம் தளர வேண்டாம். அப்போது டிப்டெரிசின்-பி-யின் வரிசைகளைப் பெருக்கி, அதே ஈக்களில் அதன் மௌன வேறுபாடுகளை எண்ணி, இரண்டாம் வழியின் கணக்கை இந்தச் சிறு தரவிலேயே செய்து பார்க்க முடியும்.